மெயில் பெட்டியின் திறப்பு யார் யாரிடம்?

புறக்கோட்டையில் அப்பா நடத்திவந்த வாசனைத் திரவிய ஏற்றுமதியை, அவர் இறந்த பிறகு ஏழு வருடமாகக் கொண்டுநடத்தும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கறுவா, மிளகு, கராம்பு, பெரும்பாலும் ஜேர்மனிக்கு. அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கம்பனியின் கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒரே ஒரு இலவச ஜிமெயில் முகவரியில்தான் நடக்கிறது. 2015இல் திறந்தது. நான்கு பேர் அதே கடவுச்சொல்லைப் பாவிக்கிறார்கள். அது மேசைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. காலையில் பெட்டியைத் திறந்தால் நூறு நூற்றைம்பது ஸ்பாம். கம்பனிக்கு ஓர் இணையத்தளமும் உண்டு. அதைச் செய்துகொடுத்த தம்பி டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, தன் பெயரிலேயே பதிந்துவிட்டு இப்போது கனடாவில் இருக்கிறார்.

போன மாதம் ஹம்பர்க்கில் உள்ள பழைய வாடிக்கையாளர், மீதித் தொகையான 18,400 டொலரைக் கட்டிவிட்டதாக எழுதினார். பணம் வரவில்லை. விசாரித்தபோது, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று அவருக்கு ஒரு மெயில் போயிருந்தது தெரிந்தது. இன்வொய்ஸ் இலக்கம் சரி, கையொப்பம் சரி, கம்பனிச் சின்னமும் சரி. அனுப்பிய முகவரியில் மட்டும் ஓர் எஸ் எழுத்து கூடுதலாக இருந்திருக்கிறது. பணம் வேறொரு ஐரோப்பிய நாட்டு வங்கிக்குப் போய்விட்டது. கொள்கலன் இன்னும் கடலில். துறைமுகத்தில் சரக்கைப் பெறக் காட்டவேண்டிய கப்பல் பத்திரமான அசல் பி.எல். சகோதரியின் கையில். "நான் கட்டிவிட்டேன், பத்திரத்தை அனுப்புங்கள்" என்கிறார் வாடிக்கையாளர். இது தெரிந்து பதினொரு நாளாகிறது.

அவருடைய கேள்விகள் நான்கு. யாராலும் படிக்க முடியாத, ஸ்பாமே வராத சுவிஸ் நாட்டு மெயில் சேவைக்கு மாறும்படி அத்தான் சொல்கிறார், மாறலாமா? ஆறு மாதத்துக்கு முன் விலகிய எழுதுவினைஞர் மேல் சந்தேகம். அவருடைய சொந்த ஜிமெயில் அலுவலகக் கணினியில் இன்னும் திறந்தபடி இருக்கிறது, அதற்குள் ஆதாரம் தேடலாமா? பழைய மெயில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா? புதிய முகவரியிலிருந்து, விலைக்கு வாங்கிய 12,000 வாங்குநர் முகவரிகளுக்கு அறிமுகக் கடிதம் அனுப்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளும் முக்கியமானவைதான். ஆனால் அவற்றில் எதுவும் இன்று மாலைக்குள் பதில் தேவைப்படும் கேள்வி அல்ல. நீங்கள் கேட்காத ஒன்றுக்குத்தான் அவசரம்: போன பணமும் கடலில் இருக்கும் சரக்கும். அதை முதலில் பேசிவிடுவோம்.

பணத்தின் பின்னால் இன்றே போங்கள்

இப்படிப் போன பணத்தைத் திரும்பப் பிடிக்க நல்ல வாய்ப்புள்ள காலம் முதல் ஓரிரு நாள்தான். பதினொரு நாள் கடந்துவிட்டது என்பதற்காகக் கைவிடவும் வேண்டாம். அந்தக் கணக்கில் ஒரு பகுதி முடக்கப்பட்டுக் கிடக்கலாம். பணத்தைத் திருப்பி அழைக்கும் கோரிக்கையை அனுப்பிய வங்கிதான் எழுப்ப வேண்டும், அதாவது வாடிக்கையாளரின் ஜேர்மன் வங்கி. ஜேர்மன் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டியவரும் அவரே. அவரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். மெயிலில் வேண்டாம், திருடன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கக்கூடும். இலக்கத்தைக்கூட அண்மைய மெயிலிலிருந்து எடுக்காமல், பழைய ஒப்பந்தத்திலிருந்தோ அப்பாவின் டயரியிலிருந்தோ எடுங்கள்.

இங்கே உங்கள் பக்கத்தில் மூன்று இடங்கள். உங்கள் வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஏற்றுமதி வருமானம் குறித்த காலத்துக்குள் நாட்டுக்குள் வரவேண்டும் என்ற விதி இருப்பதால், அது ஏன் வரவில்லை என்பதற்கான பதிவு இப்போதே இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. பொலிஸின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவில் முறைப்பாடு கொடுங்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். மெயில் எப்படி உடைக்கப்பட்டது என்பதைப் பார்க்க அவர்கள் உதவுவார்கள்.

முறைப்பாட்டில் அந்த எழுதுவினைஞரின் பெயரைச் சந்தேக நபராக எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கடவுச்சொல் யார் யாருக்குத் தெரியும் என்று பொலிஸ் கேட்டால், அவர் உட்பட எல்லோருடைய பெயரையும் சொல்லுங்கள். நீங்கள் விவரித்திருக்கும் முறை உலகம் முழுவதும் நடக்கும் ஒன்று: எங்கோ இருக்கும் திருடன் பெட்டிக்குள் நுழைந்து, வாரக்கணக்காகச் சத்தமில்லாமல் வாசித்து, இன்வொய்ஸ் போகும் நாளுக்காகக் காத்திருப்பான். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யிடம் மட்டும் இவ்வகை மோசடியில் 2023இல் முறையிடப்பட்ட இழப்பு 290 கோடி டொலருக்கு மேல். அதில் பெரும்பகுதிக்கு உள்ளே இருந்த ஓர் ஊழியரின் கை தேவைப்படவே இல்லை. பதினான்கு வருடம் உங்கள் அப்பாவோடு வேலை செய்த மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவராகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதுவரை உங்கள் கையில் இருப்பது மனக்கசப்பு மட்டும்தான்.

நட்டம் யாருடையது?

"மெயில் என் பெயரில் போனதால் நட்டம் என்னுடையதுதானே" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒப்புக்கொள்ள அவசரப்பட வேண்டாம். கடன்பட்டவர் பிழையான ஆளுக்குப் பணம் கொடுத்தால் அதனால் கடன் தீர்ந்துவிடாது என்பதே பொதுவான தொடக்கப் புள்ளி. அதை மாற்றக்கூடியவை இரண்டு: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது ஒன்று. மோசடிக்கு யாருடைய கவனக்குறைவு வழிவிட்டது என்பது மற்றது.

இந்த இரண்டாவது கேள்வியில் தென்னாபிரிக்க வழக்கு ஒன்று பயனுள்ளது. எங்களுக்கும் அவர்களுக்கும் உரோம-டச்சுச் சட்டம் பொது வேர் என்பதால் அதைச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. வீடு வாங்கிய ஒரு பெண், விற்பவரின் சட்ட நிறுவனத்துக்குக் கட்டவேண்டிய 55 இலட்சம் ராண்டை, இடையில் மாற்றப்பட்ட மெயிலை நம்பித் திருடனின் கணக்குக்கு அனுப்பிவிட்டார். 2023இல் மேல் நீதிமன்றம் சட்ட நிறுவனமே பொறுப்பு என்றது. 2024 ஜூனில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உடைக்கப்பட்டது அந்தப் பெண்ணின் மெயில் பெட்டி. முற்பணம் கட்டும்போது தொலைபேசியில் கணக்கைச் சரிபார்த்தவர், பெரிய தொகைக்கு அதைச் செய்யவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது என்றது நீதிமன்றம்.

ஆகவே உங்கள் விடயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உடைந்தது யாருடைய பெட்டி என்பது. எஸ் எழுத்து கூடிய முகவரி உங்களுடையதல்ல. இரண்டு நிமிடத்தில் யாரும் அப்படி ஒன்றைத் திறக்கலாம். ஆனால் இன்வொய்ஸ் இலக்கத்தை அறிய, உங்கள் பெட்டியையோ அவர் பெட்டியையோ யாரோ வாசித்திருக்க வேண்டும். உங்கள் ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபோர்வேர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். "இன்வொய்ஸ்" என்ற சொல் வரும் மெயிலை எல்லாம் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பும் விதி அங்கே ஒளிந்திருக்கலாம். இருந்தால், அழிக்குமுன் திரையைப் படமெடுத்து வையுங்கள். எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலையும் அப்படியே படமெடுங்கள். அப்புறம் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வாடிக்கையாளரையும் அவர் பக்கத்தில் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் கலண்டரின் பின்னால் இருந்தது உங்களுக்குப் பலவீனம், மறைக்க விரும்பவில்லை. கணக்கு திடீரென வேறொரு நாட்டுக்கு மாறியும் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்காதது அவருக்குப் பலவீனம். இப்படி இரு பக்கமும் குறை இருக்கும் இடத்தில், கொழும்பு புதுக்கடை நீதிமன்ற வழக்கோ ஹம்பர்க் வழக்கோ முடியும்வரை காத்திருப்பதைவிட நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதே பெரும்பாலும் மலிவு.

உங்கள் பலம் அந்த அசல் பி.எல். அதைக் கொடுத்துவிட்டால் சரக்கு போய்விடும், பேசுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. எழுத்தில் உடன்பாடு வரும்வரை அனுப்ப வேண்டாம். அதே நேரம் பிடிவாதமாகவும் இருக்க முடியாது: கொள்கலன் துறைமுகத்தில் இறங்கிய பிறகு, இலவச நாள்கள் முடிந்ததும் தாமதக் கட்டணம் நாளாந்தம் ஏறும். ஆகவே கப்பல் சேருமுன் ஒரு முன்மொழிவு போகட்டும். உதாரணமாக, 18,400இல் ஒரு பங்கை அவர் இப்போது கட்டினால் பி.எல். விடப்படும், மீட்கப்படும் பணம் அதே விகிதத்தில் பிரியும். அந்தக் கடிதத்தை ஒரு சட்டத்தரணி எழுதட்டும், "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற தலைப்போடு. இல்லாவிட்டால் சமாதானத்துக்காக நீங்கள் எழுதும் வரி நாளைக்குக் குற்ற ஒப்புதலாக வாசிக்கப்படும்.

எழுதுவினைஞரின் மெயிலைத் திறக்காதீர்கள்

இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம். கணினி உங்களுடையது, அதில் அவருடைய பெட்டி திறந்தே கிடக்கிறது, ஆகவே பார்க்கலாம் என்று நினைக்கிறீர்கள். கணினி உங்களுடையதாக இருப்பது அவருடைய சொந்தப் பெட்டிக்குள் போக உங்களுக்கு உரிமை தருவதில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அதிகாரமில்லை என்று தெரிந்தும் கணினியில் உள்ள தகவலை அணுக முயல்வதே குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். முறைப்பாட்டாளராகப் போன நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேரும். ஏதாவது கிடைத்தாலும், "நீங்களே வைத்துவிட்டு எடுத்தீர்கள்" என்று அவர் தரப்பு சொல்வதற்கும் அது இடம் கொடுக்கும்.

செய்யக்கூடியது இது: அந்தக் கணினியை யாரும் பாவிக்காமல் அணைத்துப் பூட்டி வையுங்கள். பொலிஸ் சட்டப்படி பார்க்கட்டும். கம்பனியின் பொதுப் பெட்டியில் அவர் அனுப்பிய, பெற்ற மெயில்கள் வேறு விடயம்; அவை கம்பனியின் வேலைக் கடிதங்கள், அவற்றைப் பார்க்கலாம். இனிமேல் சேர்பவர்களிடம், அலுவலகப் பெட்டியைக் கம்பனி பார்க்கக்கூடும், சொந்த விடயத்துக்கு அதைப் பாவிக்க வேண்டாம் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, சொல்லாமல் பார்ப்பது இன்னும் சிக்கல்.

அத்தான் சொல்லும் சுவிஸ் மெயில்

அத்தானின் அக்கறை நியாயமானது. நீங்கள் பெயர் குறிப்பிட்டிருக்கும் புரோட்டன் மெயில் நல்ல சேவைதான். சேர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுகூடத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014இல் தொடங்கியது. அதற்கு மாறுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து நீங்கள் எதிர்பார்ப்பவை அப்படியே கிடைக்காது.

யாராலும் படிக்க முடியாது என்பது, இரு முனையிலும் அதே சேவை இருந்தால், அல்லது இருவரும் பிஜிபி போன்ற மறையாக்கத் திறவுகளை (மெயிலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டித் திறப்பவை) வைத்திருந்தால், அப்போதுதான் முழுதாக உண்மை. உங்கள் ஹம்பர்க் வாடிக்கையாளர் அவுட்லுக்கில் இருக்கிறார். அவருக்குப் போகும் மெயில், அவர் பக்கத்தில் சாதாரண மெயிலாகத்தான் கிடக்கும். அவருடைய பெட்டி உடைந்திருந்தால் உங்கள் பக்கத்துப் பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தும் பலனில்லை. தலைப்பு வரி புரோட்டனில் முனைக்கு முனை மறைக்கப்படுவதும் இல்லை. "இன்வொய்ஸ் இத்தனையாம் இலக்கம், 18,400 டொலர்" என்று தலைப்பில் எழுதும் பழக்கத்தை எந்தச் சேவையில் இருந்தாலும் விடுங்கள். சட்டத்துக்கு வெளியே நிற்கும் பெட்டி என்றும் எண்ண வேண்டாம். 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுக்கு இணங்க, பிரான்ஸில் தேடப்பட்ட ஒருவரின் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணை, அந்த நிறுவனம் பதிவு செய்து கொடுத்தது. நேர்மையாகத் தொழில் செய்யும் உங்களுக்கு அது பயப்பட வேண்டிய விடயமல்ல.

"கூகுள் எங்கள் மெயிலை வாசித்து விளம்பரம் போடுகிறது" என்ற அத்தானின் வாதமும் பழையது. விளம்பரத்துக்காக மெயிலின் உள்ளடக்கத்தை அலசுவதை நிறுத்துவதாகக் கூகுள் 2017இல் அறிவித்துவிட்டது.

உங்களுக்கு நடந்த திருட்டை எண்ணிப் பாருங்கள். மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. திறப்பு நான்கு பேரிடமும், விலகிய ஒருவரிடமும், ஒரு கலண்டரிடமும் இருந்தது. அதே பழக்கத்தோடு சுவிஸுக்குப் போனால் திருடனும் கூடவே வருவான். அதனால் சேவையைத் தெரிவு செய்வதை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை முதலில் செய்யுங்கள்.

முகவரி உங்களுடையதாகட்டும்

என்னிடம் வரும் இந்த மாதிரிப் பிணக்குகளில், ஹேக்கரைவிட அடிக்கடி நான் காண்பது டொமைன் வேறொருவர் பெயரில் இருப்பதைத்தான். ஒரு கடையின் பெயர்ப்பலகையை அதை எழுதிய ஓவியர் தன் சொத்தாக வைத்திருப்பதற்குச் சமம் அது. யார் பெயரில் டொமைன் இருக்கிறதோ அவர் நினைத்தால் உங்கள் மெயில் எல்லாவற்றையும் தன் பக்கம் திருப்பலாம். நினைக்காவிட்டாலும், புதுப்பிக்க மறந்தால் போதும். காலாவதியான டொமைனை யாரும் பதிந்து, உங்களுக்கு வரும் மெயிலை வாங்கத் தொடங்கலாம்.

கனடாவில் உள்ள தம்பி கெட்டவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: டொமைனைப் பதிந்த நிறுவனத்தில் உள்ள கணக்கைக் கம்பனியின் பெயருக்கு மாற்றித் தரவேண்டும், ஒரு வரி எழுத்திலும் உறுதிப்படுத்த வேண்டும். அவர் வேலைக்கு உரிய கட்டணம் ஏதும் பாக்கி இருந்தால் அதையும் கொடுத்து முடியுங்கள். கூடவே எல்கே டொமைன் பதிவகத்தில் டொட் எல்கே முகவரி ஒன்றைக் கம்பனியின் பெயரிலேயே எடுப்பது நல்லது. பிணக்கு வந்தால் இங்கேயே பேசக்கூடிய இடம். விரும்பினால் டொட் இலங்கை என்று தமிழில் முடியும் முகவரியும் அங்கே உண்டு. ஹம்பர்க்கில் தட்டச்சு செய்ய வசதியில்லை என்பதால் மெயிலுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை, பெயரைக் காத்துவைக்க எடுக்கலாம்.

சொந்த டொமைன் வந்த பிறகு அதன் மேல் எந்தச் சேவையையும் வைக்கலாம்: கூகுள், மைக்ரோசொஃப்ட், ஸோஹோ, புரோட்டன். ஆளுக்கு மாதம் சில டொலர் செலவு. பிடிக்காவிட்டால் முகவரியை மாற்றாமலே சேவையை மாற்றலாம். இலவச ஜிமெயிலில் அந்தச் சுதந்திரம் இல்லை.

நான்கு பேருக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனிக் கடவுச்சொல். கணக்குப் பிரிவு, விற்பனை போன்ற பொது முகவரிகளுக்கு வரும் மெயில் உரியவர்களின் பெட்டிக்குள் விழும்படி அமைக்கலாம், அதற்குப் பொதுக் கடவுச்சொல் தேவையில்லை. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தல் கேட்கும் இரண்டாம் படிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். எஸ்எம்எஸ்ஸை விடச் செயலி அல்லது பாஸ்கீ (உங்கள் கருவியிலேயே இருக்கும் மின்னணுத் திறப்பு) நல்லது. ஒருவர் விலகினால், கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றே அவருடைய பெட்டியும் மூடப்படட்டும்.

அடுத்தது, டொமைன் வைத்திருப்பவர்களில் பலர் செய்யாமல் விடும் வேலை. மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை 1982இல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. கடித உறையின் மூலையில் யாரும் யாருடைய முகவரியையும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார் என்பது போல. பிற்காலத்தில் அதற்கு மேல் மூன்று பூட்டுகள் போடப்பட்டன. என் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற கணினிகள் எவை என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கு இடும் முத்திரை டிகிம். இவை பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லும் கட்டளை டிமார்க். மூன்றையும் அமைத்து, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, டிமார்க்கை "நிராகரி" நிலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெறும் "கண்காணி" நிலையில் விட்டுவிட்டால் போலி மெயில் தொடர்ந்து போகும். இந்த மூன்றும் உங்கள் சரியான டொமைனைப் போலியாகப் பாவிப்பதைத்தான் தடுக்கும். ஓர் எழுத்துக் கூட்டிய முகவரியைத் தடுக்காது.

அதற்கு மருந்து தொலைபேசிதான். உங்கள் ஒப்பந்தங்களிலும் இன்வொய்ஸ்களிலும் ஒரு பந்தி சேருங்கள்: எங்கள் வங்கிக் கணக்கு மின்னஞ்சல் மூலமோ வட்ஸ்அப் மூலமோ மாற்றப்படமாட்டாது, மாற்றம் என்று எது வந்தாலும் இந்த இலக்கத்துக்கு அழைத்து, பெயர் குறிப்பிட்ட இருவரில் ஒருவரின் குரலில் உறுதிப்படுத்தும்வரை பணம் அனுப்ப வேண்டாம், அப்படிச் செய்யாமல் அனுப்பிய பணம் எங்களுக்குக் கட்டியதாகக் கருதப்படாது. இது இருந்திருந்தால் இன்று நீங்கள் எனக்கு எழுதியிருக்க வேண்டியதில்லை. பெரிய தொகைகளுக்கு நாணயக் கடிதம் (வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி.) மூலம் வியாபாரம் செய்வதையும் வங்கியோடு பேசிப் பாருங்கள்.

ஸ்பாமும் அந்த 12,000 முகவரியும்

ஸ்பாமே வராத மெயில் முகவரி என்று ஒன்று இல்லை. யாருக்கும் கொடுக்காத முகவரிக்கு வராது. வியாபாரிக்கு அது உதவாது. நல்ல சேவையும் நல்ல பழக்கமும் சேர்ந்தால் நூற்றைம்பது கணிசமாகக் குறையும். இணையத்தளத்தில் முகவரியை அப்படியே எழுதி வைக்காமல் படிவம் வையுங்கள். கண்காட்சிகளுக்கும் வர்த்தகப் பட்டியல்களுக்கும் வேறொரு முகவரி கொடுங்கள். அது குப்பையால் நிறைந்தால் மூடிவிடலாம். தெரியாத ஸ்பாமில் உள்ள "விலகு" இணைப்பை அழுத்தாமல் ஸ்பாம் என்று குறியிடுங்கள்.

வடிகட்டியை அளவுக்கு மீறி இறுக்கவும் வேண்டாம். "நீங்கள் மனிதர்தானா என்று நிரூபியுங்கள்" எனத் திருப்பிக் கேட்கும் சேவையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை கறுவா விலை கேட்கும் ஒருவர் அதற்குப் பதில் சொல்லமாட்டார், அடுத்த வியாபாரியிடம் போவார். ஸ்பாம் பெட்டியை நாளுக்கு ஒருமுறை ஒருவர் பார்க்கட்டும். நல்ல விசாரணைகள் அங்கே விழுவது உண்டு.

இனி, அந்தப் பட்டியல். கோபிக்க வேண்டாம் சகோதரி, உங்கள் காலை நேரத்தைத் தின்னும் அதே காரியத்தைத்தான் பன்னிரண்டாயிரம் பேருக்குச் செய்யப் போகிறீர்கள். அவர்களில் யாரும் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை. ஜேர்மனியின் நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தின் 7ஆம் பிரிவு, முன்கூட்டிய வெளிப்படையான சம்மதமின்றி விளம்பர மெயில் அனுப்புவதைத் தொல்லையாகக் கருதுகிறது. பெறுபவர் கம்பனியாக இருந்தாலும் இதுதான் நிலை. எங்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சம்மதம் பற்றிய தனிப் பகுதி இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், தொழிலுக்கே அது கேடு. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்கள் மேலே சொன்ன மூன்று பூட்டுகளையும் போட்டிருக்க வேண்டும். பெறுபவர்கள் ஸ்பாம் என்று குறியிடும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். விலைக்கு வாங்கிய பட்டியல் அந்த வரம்புக்குள் நிற்காது. புதிய டொமைனின் பெயர் முதல் வாரத்திலேயே கெட்டுவிட்டால், அப்புறம் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் இன்வொய்ஸும் ஸ்பாம் பெட்டியில்தான் விழும். பட்டியலுக்குக் கொடுத்த காசைப் போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உண்மையாகவே கறுவா வாங்கும் முப்பது கம்பனிகளைத் தேடி, அவர்களின் பொதுத் தொலைபேசிக்கு அழைத்து, யாருக்கு எழுதலாம் என்று கேட்டு எழுதுங்கள்.

பழைய மெயிலை அழிக்க வேண்டாம்

அவை உங்கள் ஆதாரம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு ஆவணத்தை ஒதுக்க முடியாது. எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்கிட ஆறு வருடம் உண்டு. எழுத்தில் இல்லாமல் விற்றுக் கையளித்த பொருளின் விலைக்கு ஒரே வருடம்தான். "எழுத்தில் இருந்ததா" என்ற கேள்விக்கே உங்கள் பழைய மெயில்தான் பதிலாகலாம். முழுவதையும் பிரதியெடுத்து வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வையுங்கள்.

பழைய ஜிமெயிலை மூடவும் வேண்டாம். பழைய வாடிக்கையாளர்கள் ஒரு வருடமாவது அதற்கே எழுதுவார்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் அழிக்கக்கூடும் என்பதால் இடைக்கிடை திறந்து பாருங்கள். மோசடி மெயிலை வாடிக்கையாளர் உங்களுக்கு ஃபோர்வேர்ட் செய்திருக்கிறார் என்றால் அது போதாது. அதில் மூல மெயிலின் தலைக்குறிப்புகள், அதாவது அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்ற பதிவுகள், போய்விடும். அசல் மெயிலை முழுத் தலைக்குறிப்போடு கோப்பாகத் தரவிறக்கி, பென் டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். அவர் தன் பொலிஸுக்கும் அதே கோப்பைக் கொடுக்க வேண்டும்.

ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கும்போது இவற்றைக் கொண்டுபோங்கள்: ஒப்பந்தம் அல்லது ஓடர் உறுதிப்படுத்தல், இன்வொய்ஸ், பி.எல். பிரதி (அசல் வங்கி லொக்கரிலேயே இருக்கட்டும்), வாடிக்கையாளர் காட்டிய பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, நீங்கள் எடுத்த திரைப் படங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம். கொழும்பிலிருந்து ஹம்பர்க்குக்குச் சரக்கு போன திகதியை நீங்கள் எழுதவில்லை. கப்பல் முகவரிடம் வருகைத் திகதியை இன்றே கேட்டு அதையும் குறித்துக்கொண்டு போங்கள். முன்மொழிவுக் கடிதத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.